நடு சீட்டில் ஆள் இருக்கு

விமானத்தின் வாசலில் கால் வைத்ததும் அவர், வரவேற்க நிற்கும் பணிப்பெண்ணைப் பார்த்து இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கொக்கி போல வளைத்து ஒன்றோடொன்று மாட்டிக் காட்டுவார். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். விவரம் தெரிந்த பெண்ணாக இருந்தால் தலையசைத்துவிட்டு, பெல்ட்டை நீட்டிக்கொள்ள உதவும் துண்டுப் பட்டையை ஒரு செய்தித்தாளுக்குள் மடித்து, யார் கண்ணிலும் படாமல் கொண்டுவந்து தருவாள். புதிதாக வேலைக்கு வந்தவளாக இருந்தால், "என்ன சார் வேணும்?" என்று நாலு வரிசைக்குக் கேட்கும்படி கேட்பாள். அதற்கும் அவர் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. "எக்ஸ்ட்ரா பெல்ட்டும்மா. அளவெடுத்தவன் அன்னைக்கு என்னை மறந்துட்டான்" என்பார்.

கூட்டம் ஏறுவதற்கு முன்பே தான் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் சட்டம். நடைவழியில் பக்கவாட்டில்தான் நடப்பார், இருபுறமும் யார் முழங்கையும் இடிபடாமல். ஜன்னலோர இடத்தைக் கேட்டு வாங்குவார். மேகம் பார்க்கும் ஆசை என்று முதலில் நினைத்தேன். "தம்பி, இந்த வண்டியில நான் சாஞ்சா மூஞ்சி சுளிக்காதது இந்தச் சுவர் ஒண்ணுதான்" என்று ஒருநாள் விளக்கம் சொன்னார். அந்தச் சுவரோடு ஒரு தோளை ஒட்டவைத்து, கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு தயாராகிவிடுவார். பக்கத்து சீட்காரர் வந்து பையை மேலே தூக்கி வைக்கும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவார்.

"வணக்கம் சார். நான் கொஞ்சம் பெரிய ஆளு. உங்க இடத்துல ஒரு ஓரமா வாடகை இல்லாம குடியிருப்பேன். கஷ்டமா இருந்தா மனசுல வச்சுக்காம சொல்லிடுங்க."

இதைக் கேட்டுப் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் நடுவிலிருக்கும் கைப்பிடியைப் படாரென்று இறக்குவார்கள். இன்னும் சிலர் அறிவுரை சொல்வார்கள். அறிவுரைக்காரர்களை அவர் கட்சி கட்சியாகப் பிரித்து வைத்திருக்கிறார். வெந்நீர்க் கட்சி, நடைக் கட்சி, ராத்திரிப் பட்டினிக் கட்சி. எந்தக் கட்சிக்காரர் பேசினாலும் "அப்படிங்களா, காலையிலயா சாயங்காலமா?" என்று அக்கறையாக விசாரிப்பார். இறங்கி நடக்கும்போது என் காதோரம் குனிந்து, "இன்னைக்கு வெந்நீர்க் கட்சி தம்பி. கொள்கையில ரொம்ப உறுதியானவர்" என்பார்.

அவரும் நானும் லிஃப்ட் பரிசோதகர்கள். புதிதாக எழும்பும் கட்டடங்களில் லிஃப்டுகளைச் சோதித்து, ஆள் ஏறலாம் என்று கையெழுத்துப் போடுவது எங்கள் வேலை. ஊர் ஊராக அனுப்புவார்கள்; பாதி வாழ்க்கை விமான நிலையங்களில் போகிறது. எடைக்கட்டிகளை ஏற்றி, பிரேக் பிடிக்கிறதா, கம்பிவடம் தாங்குகிறதா என்று முறைப்படி பார்த்து முடித்த பிறகு, கடைசியில் அவர் ஒருவராக உள்ளே ஏறி மேல்மாடி வரை போய்வருவார். விதியில் அப்படி ஒன்றும் இல்லை. வெளியே காத்திருக்கும் குடித்தனக்காரர்களுக்காக அவர் நடத்தும் சிறிய நாடகம் அது. கதவு திறந்ததும் இரண்டு கைகளையும் விரித்து, "என்னையே தூக்கிட்டுது. இனிமே உங்க பீரோ, கட்டில், மாமியார் எல்லாரும் தைரியமா ஏறலாம்" என்பார். புது லிஃப்ட் என்றாலே பயப்படுகிறவர்கள்கூட அதற்குப் பிறகு தயங்காமல் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆபீசில் அவருக்குப் 'பெரியப்பா' என்று பெயர். வயதுக்காக வந்த மரியாதை இல்லை. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். எதற்காக வந்த பெயர் என்று அவருக்கும் தெரியும். அந்த உறவுமுறைப்படி அவர் மனைவிக்குப் 'பெரியம்மா' என்ற பெயர் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாள் குச்சி போல இருப்பார். "பெருங்காத்து அடிச்சா இவருக்குப் பின்னாடி நின்னுக்குவேன், எனக்கென்ன பயம்" என்று சிரிப்பார். இந்த உடம்பு ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பல வைத்தியம் பார்த்தாயிற்று என்பது மட்டும் தெரியும்.

ஒருமுறை நீண்ட பயணம் முடிந்து விடுதி அறையில் சட்டையைக் கழற்றியபோது, விலாவில் கைப்பிடியின் விளிம்பு பதிந்து நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டேன். சட்டென்று துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். "சீட் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார் அன்று. அவருக்கு இடம் விடுவதற்காக இவர் தன்னையே கைப்பிடிக்குள் திணித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

தன் உடம்பைப் பற்றிய எல்லாவற்றையும் வேடிக்கையாக்கிவிடுகிற அந்த மனிதர் ஒரே ஒரு முறை வேடிக்கை பேசாததை நான் பார்த்தேன்.

அவருக்கு ஒரு தங்கை. அண்ணனைப் போலவே பெரிய உடம்பு. ஆனால் அண்ணனின் வாய் கிடையாது. குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதித்து, கருவி பொருத்திப் பழக்கும் வேலை அவளுக்கு. அதில் அவளுக்கு நல்ல பெயர். சில வருஷங்களுக்கு முன் ஒரு விமானத்தில் அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒருவர் எழுந்து நின்று கத்தியிருக்கிறார். பின்னால் இருந்த யாரோ அதைப் போனில் படம் பிடித்திருக்கிறார்கள். அன்றோடு அவள் விமானம் ஏறுவதை விட்டுவிட்டாள். கல்யாணம், மாநாடு எதற்குக் கூப்பிட்டாலும் "உடம்பு சரியில்ல" என்ற ஒரே பதில்தான். இப்போது கடல் தாண்டி இருக்கும் ஒரு பெரிய மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்கே தலைவியாக வரச்சொல்லி அழைப்பு வந்திருந்தது. அங்கே போக விமானத்தை விட்டால் வேறு வழி கிடையாது. வேண்டாமென்று எழுதிவிடப் போனவளை அண்ணன் தடுத்தார்.

"நான் கூட வரேன். நமக்கு நடுவுல ஒரு சீட்டையும் சேர்த்து வாங்கிடறேன். யார் மேலயும் படாம போய்ச் சேரலாம். சரியா?"

எனக்கும் அதே ஊரில் வேலை இருந்ததால் அதே விமானத்தில் போனேன். ஜன்னலோரம் அவர், நடைவழியோரம் தங்கை, நடுவில் ஆளில்லாத சீட். நடுக் கைப்பிடிகள் இரண்டையும் தூக்கிவிட்டிருந்தார்கள். நடைவழிக்கு அந்தப் பக்கம் நான். எவ்வளவு இடம் இருந்தும் தங்கை தோளைக் குறுக்கி, கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, ஏறுகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் ஏறி, கதவு சாத்தப்போகும் நேரத்தில் கையில் வாக்கி-டாக்கியோடு ஒரு மேற்பார்வையாளர் உள்ளே வந்தார். எங்கள் வரிசையில் நின்றார்.

"சார், இந்த நடு சீட் காலியா இருக்கு. ஒரு பயணி வெளியில நிக்கறாங்க. கொஞ்சம் கைப்பிடியை இறக்கிட்டு இடம் குடுங்க."

"இது நாங்க வாங்கின சீட்டுங்க" என்றார் அவர்.

"வாங்கியிருக்கலாம் சார். ஆனா ஆள் இல்லையே. ஆள் வராத சீட்டை வேறொருத்தருக்குக் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இருக்கு."

முன்வரிசையிலிருந்து இரண்டு தலைகள் திரும்பின. பின்னால் யாரோ, "லேட் ஆகுதுப்பா" என்று முணுமுணுத்தார்கள். தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றினாள்.

"வேணாம் அண்ணா. நான் இறங்கிடறேன். அவங்க உக்காரட்டும். எனக்கு அந்த வேலையே வேணாம்."

வழக்கமாக இந்த இடத்தில் அவர் ஒரு சிரிப்பு வெடி போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து, "உக்காரு" என்றார். அவ்வளவு கனமான குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பிறகு மேற்பார்வையாளரைப் பார்த்தார்.

"ஆள் இல்லைன்னு யாருங்க சொன்னது? நல்லாப் பாருங்க. இந்த நடு சீட்ல பாதி நான் இருக்கேன், பாதி என் தங்கச்சி இருக்கா. ரெண்டு பேரும் டிக்கெட் எடுத்துத்தான் உக்காந்திருக்கோம்."

வாக்கி-டாக்கி கரகரத்தது. மேற்பார்வையாளர் திரும்பி வாசலுக்குப் போனார். போனவர் வாசலில் யாரிடமோ கையை விரித்துச் சொல்வதும், அதற்கு ஒரு பெண் அடக்க முடியாமல் அழுவதும் எங்களுக்குக் கேட்டது.

ஜன்னலோரத்திலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். பணிப்பெண்ணை அழைத்தார்.

"யாரும்மா அது? எதுக்காக அழறாங்க?"

"அவங்க அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம் சார். ஐசியூல இருக்காராம். அவங்ககிட்ட டிக்கெட் இருக்கு, ஆனா சீட்டுக்கு மேல அதிகமா வித்துட்டாங்க. அடுத்த ஃப்ளைட் சாயங்காலம்தான்."

"அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார். மேற்பார்வையாளர் வந்ததும் சொன்னார்:

"ஆள் இல்லாத சீட்டுன்னு கேட்டீங்க, தரமாட்டேன்னேன். அப்பாவுக்கு முடியலை, ஒரு பொண்ணு தவிக்குதுன்னு கேட்டிருந்தா, நான் உக்காந்திருக்கற சீட்டையே குடுத்திருப்பேனே. இப்பவும் தரேன். நான் சாயங்காலம் வரேன். ஆனா ரெண்டு விஷயம். என் தங்கச்சியோட பாதி சீட்டை யாரும் தொடக்கூடாது. சாயங்கால ஃப்ளைட்ல எனக்கு ரெண்டு சீட். அதுலயும் வந்து ஆள் இல்லைன்னு சொல்லக்கூடாது."

"கண்டிப்பா சார்" என்றார் மேற்பார்வையாளர். குரலில் பழைய மிடுக்கு இல்லை. "மன்னிச்சுக்கோங்க. நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது."

தங்கைதான் பதறிப்போனாள். "நீ இல்லாம நான் எப்படி அண்ணா?"

"எனக்குப் பதிலா இந்தத் தம்பி எதிர்ல இருக்கார். நீ யாருக்கும் எதுவும் சொல்ல வேணாம். சும்மா உக்காந்து வா, அது போதும்." நடைவழிக்கு வந்ததும், அவளுடைய கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேலே வைத்தார். பக்கவாட்டில் நடந்து வாசலை நோக்கிப் போனார். போகும்போது நடைவழியில் கால்களை நீட்டியிருந்தவர்கள் தாமாகவே மடக்கிக்கொண்டார்கள்.

அந்தப் பெண் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சிறிய உருவம், அழுது வீங்கிய கண்கள். விமானம் மேலே எழும்பியதும் தங்கை அண்ணனைப் போலவே, "நான் கொஞ்சம் பெரிய ஆளு, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா..." என்று இழுத்தாள். அந்தப் பெண் அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. "அக்கா, நான் கொஞ்ச நேரம் உங்க மேல சாஞ்சுக்கட்டுமா? ரெண்டு நாளாத் தூங்கவே இல்ல" என்றாள். தங்கை நடு சீட்டுக்கு நகர்ந்து தோளைக் கொடுத்தாள். அந்தப் பெண் தரையிறங்கும் வரை தூங்கினாள். தங்கை அசையவில்லை, ஆனால் குறுகியும் உட்காரவில்லை. கால்களை நன்றாக நீட்டிக்கொண்டு, தன் உடம்பு பிடிக்கிற இடத்தை முழுதாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது அந்தப் பெண் அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டு ஓடினாள். அப்பாவைப் பார்த்துவிட்டேன், பேசினார் என்று மறுநாள் அவளிடமிருந்து தங்கைக்குப் போன் வந்தது.

அவர் வரும் மாலை விமானத்துக்காக நானும் தங்கையும் இறங்கிய விமான நிலையத்திலேயே காத்திருந்தோம். வெளியே வந்தவருக்குக் களைப்பு. ஆனால் முகம் தெளிவாக இருந்தது. "ராஜா மாதிரி வந்தேன். இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. கைகட்டி உக்காராம பறந்தா எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றார். தங்கை அதைக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. தூங்கிய பெண்ணின் கதையை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வெளியே வாடகைக் கார் சின்னதாக இருந்தது. டிரைவர் எங்களை ஒருமுறை பார்த்தார், காரை ஒருமுறை பார்த்தார், நல்லவேளை எதுவும் சொல்லவில்லை. காரில் முன்சீட் எப்போதும் இவருக்குத்தான். அன்று கதவைத் திறந்து தங்கையை அங்கே உட்காரச் சொல்லிவிட்டு, அவளுக்குப் பின்னால் வந்து தன்னைப் பொருத்திக்கொண்டார். பக்கத்தில் நான்.

முன்சீட்டை யாரோ முழுக்க முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். தங்கையின் முழங்கால்கள் முன்பலகையில் முட்டின. கொஞ்ச தூரம் அப்படியே வந்தாள். பிறகு குனிந்து சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவினாள். கம்பி அகப்பட்டது. சீட் சரசரவென்று பின்னால் வந்து அவர் முழங்காலில் மோதி நின்றது.

"இடிக்குதா அண்ணா?"

அவர் இரண்டு கால்களையும் என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, தங்கையின் சீட்டை இரண்டு கைகளாலும் பிடித்து, அது இதற்குமேல் வராது என்கிற இடம் வரை தன்னை நோக்கி இழுத்தார்.