பேப்பரில் எரிந்த ஸ்டோர்

கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்த காலம். கடைவீதியில், எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் தேத்தண்ணிக் கடைக்கு இரண்டு தமிழ்ப் பேப்பர்கள் வரும். ஒன்று கொழும்பில் அச்சாகும் தினசரி. மற்றது தொழிற்சங்கத்தின் வாரத் தாள். நான் தினசரியை மட்டுமே வாங்குவேன். சங்கத் தாளில் எழுத்துப் பிழை மலிந்திருக்கும். தலைப்பெல்லாம் ஒரே கூச்சல். படித்தவன் கையில் வைத்திருக்கக் கூசும் தாள் என்று நினைத்தேன்.

"ரெண்டையும் பாருங்க மாஸ்டர்," என்பார் நானா. "இது தொரை பங்களா வாசல்ல நின்னு பாக்குது. அது தொழிலாளிங்க லயத்து வாசல்ல நின்னு பாக்குது."

"அது கட்சி, நானா. இதுதான் செய்தி," என்று அடித்துச் சொல்வேன்.

என் தங்கையை டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் கணவர் அங்கே சங்கத் தலைவர். அந்தத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் தினசரியில் கொட்டை எழுத்தில் வந்தது: வேலைநிறுத்தக்காரர்கள் தோட்டத்துத் தொழிற்சாலையான தேயிலை ஸ்டோருக்குத் தீ வைத்தார்கள், தலைவர் தலைமறைவு. ஒரு வரியைக்கூட நான் சந்தேகிக்கவில்லை.

மறுநாள் பிற்பகல், கொட்டும் மழையில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு தங்கையின் கணவர் என் வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், ரெண்டு நாளைக்கு இங்க இருந்துக்கிறேங்க. பொலிஸ் தேடுது."

"ஸ்டோருக்கு ஏன் தீ வெச்சீங்க?"

"நாங்க வெக்கலீங்க. கொழுந்து காயவெக்கிற அடுப்புக்கிட்ட அடுக்கியிருந்த வெறகு பத்திக்கிச்சு. நாங்கதான் ஓடிப்போயி அணைச்சோம்." துணி சுற்றிய வலது கையைக் காட்டினார்.

"பேப்பர்ல வந்திருக்கே," என்றேன்.

"பேப்பர்க்காரங்க யாரும் அங்க வரலீங்களே மச்சான்."

உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. என் மனைவி தேத்தண்ணியோடு வருவதற்குள் அவர் இறங்கிப் போய்விட்டார். ரயில் ஸ்டேஷனில் வைத்தே அவரைப் பொலிஸ் பிடித்தது.

மறியல் சிறையில் அவருடைய கைப்புண் சீழ் பிடித்தது. பிறகு ஸ்டோரை நிர்வாகத்துக்காக நடத்தும் டீமேக்கரே கோர்ட்டில் வந்து, தீயை அணைத்ததே இவர்கள்தான் என்று சாட்சி சொன்னார். அவர் விடுதலையான செய்தியைத் தினசரி உள்பக்கத்தின் அடியில் துணுக்காகப் போட்டது. நானாவிடம் சங்கத்தின் பழைய தாளை வாங்கிப் பார்த்தேன். தீ தானாகப் பற்றியது என்று முதலிலேயே எழுதியிருந்தார்கள். அதே பக்கத்தில், பொலிஸ் அடித்து ஒரு கர்ப்பிணி செத்துப்போனாள் என்றும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டயகமவுக்குப் போனேன். அந்தக் கர்ப்பிணியைப் பற்றித் தங்கையிடம் கேட்டேன். "அப்படி யாரும் சாகலண்ணே," என்றாள்.

"ரெண்டு பக்கமும் இப்படி எழுதினா யாரத்தான் நம்புறது? நான் பேப்பர நம்பி ஏமாந்துட்டேன்," என்று சமாதானம் சொல்லப் பார்த்தேன்.

"பேப்பர நம்புனீங்க, சரிண்ணே. நம்ம வீட்டுலயே சாப்பிட்டுப் பழகின மனுசன் நேர்ல வந்து சொன்னாரே, அவரு பேச்சு ஏன் ஏறல?"

"விடு புள்ள," என்றார் அவள் கணவர். "மச்சானுக்குச் சோத்தப் போடு."

சாப்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸிலேயே திரும்பினேன்.

அதன் பிறகு இரண்டு தாளையும் வாங்கினேன். ஏதாவது தோட்டத்துச் செய்தி என்றால், அங்கிருந்து வருகிறவர்களை நிறுத்தி விசாரிப்பேன். கொட்டகலைக்கு வரும் நாட்களில் தங்கையின் கணவர் நானா கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவார். நானா சொல்லித்தான் எனக்குத் தெரியவரும்.