எங்கள் வீட்டு ரவுட்டரில் யார் முதல்

என் வீட்டுக்காரர் எதையும் ஒழுங்காகச் செய்வார். அவரோடு குடித்தனம் நடத்துவதில் உள்ள கஷ்டமே அதுதான். சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் முதல் நாள் சுவரை அளப்பார், இரண்டாம் நாள் ஆணியை அளப்பார், மூன்றாம் நாள் சுத்தியலை யார் எடுத்தது என்று கேட்பார். அப்படிப்பட்டவரிடம் ரவுட்டரைக் கொடுத்தது என் பிழை.

எங்கள் வளவுக்குள் இரண்டு வீடுகள், இணைப்பு ஒன்றுதான். முன் வீட்டில் என் உம்மாவும், நாங்களும், எங்கள் மகளும். பின் வீடு தங்கச்சிக்குச் சீதனமாகக் கட்டியது. கல்முனைப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். இவர் சம்மாந்துறையிலிருந்து வந்து பதினான்கு வருடம். தங்கச்சியின் மாப்பிள்ளை அட்டாளைச்சேனையிலிருந்து வந்து அப்போதுதான் இரண்டு மாதம். பதினான்கு வருடத்தில் ஒரு மருமகன் மீனின் நடுத் துண்டிலிருந்து வால் துண்டுக்கு வந்து சேர்ந்துவிடுவார். இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. உம்மா புது மாப்பிள்ளைக்குப் பரிமாறும்போது மட்டும் இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு வேலை வந்தது. லண்டனில் உள்ள ஒரு சின்னத் தமிழ்ப் பாடசாலை, பிள்ளைகளுக்கு வீடியோவில் பேச்சுத் தமிழ் படிப்பிக்க ஆள் தேடியது. சனிக்கிழமை அவர்களுக்குக் காலை பத்து மணி, எங்களுக்குப் பகல் இரண்டரை. முதல் இரண்டு வகுப்பையும் அங்குள்ள தலைமை ஆசிரியை பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம். கல்யாணத்துக்கு முன்பு மூன்று வருடம் நான் தொண்டர் ஆசிரியையாக இருந்தவள். அதற்குப் பிறகு பிள்ளைகள் முன்னால் நின்றதில்லை. இந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை வெளியே காட்டிக்கொள்ளாமல், “சும்மா ஒரு வகுப்பு” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரே சிக்கல் எங்கள் இணைப்பு. பின் வீட்டில் யாராவது படம் பார்த்தால் முன் வீட்டில் ஆளின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து போகும். ரவுட்டருக்குள்ளேயே யாருக்கு முன்னுரிமை என்று வரிசை போடலாம் என்று இவர் எங்கோ வாசித்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து எங்களுக்கு நிம்மதி போய்விட்டது.

இவர் சம்மாந்துறையில் தங்கள் வயல்வெளியான வட்டைக்கு வயல் கமிட்டிச் செயலாளர். ஒவ்வொரு போகத்திலும் எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை எழுதுவது இவர்தான். வாய்க்காலின் தலைப்பில் இருப்பவனுக்குத் தண்ணீர் எப்படியும் கிடைக்கும், ஆகவே கடைசி வயலுக்குத்தான் முதல் தண்ணீர் என்று கூட்டத்தில் அடித்துச் சொல்லிப் பேர் வாங்கியவர். அந்த முறை எழுதுகிற, தடித்த அட்டை போட்ட அதே சீஆர் கொப்பியை ரவுட்டருக்கும் எடுத்தார். காலையிலும், பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகும், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகும் வேகத்தை அளந்து எழுதினார். வீடியோவில் படிப்பிப்பவளுக்கு உள்ளே வருகிற பக்கத்தை விட வெளியே போகிற பக்கம்தான் முக்கியம் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். என் முகமும் குரலும் இங்கிருந்து லண்டன் போக வேண்டுமே. ரவுட்டர் காட்டிய பட்டியலில் எல்லாச் சாமானும் எழுத்தும் இலக்கமுமாக இருந்ததால், எது எவருடையது என்று கண்டுபிடிக்க வீடு வீடாக நடந்து, ஒவ்வொருவராகப் போனை நிறுத்தச் சொன்னார். உம்மாவின் போனை மட்டும் மூன்று தடவை. முடித்துவிட்டுக் கொப்பியை மூடினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் முறை எழுதுகிறவரிடம் போய் நியாயத்தைப் பற்றிக் கேட்பார்களா?

முதல் சனிக்கிழமை உம்மா மாப்பிள்ளை வீட்டாரை விருந்துக்கு அழைத்துவிட்டார். எனக்கு வகுப்பு இருக்கிறது என்றதற்கு, போனில் கதைக்கிறதுதானே, அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு கதைக்கலாம் என்றார். இரண்டு வேன் நிறைய ஆட்கள். இவர் வந்தவர்களுக்கென்று ரவுட்டரில் தனியாக ஒரு வைஃபை திறந்து, அதன் பாஸ்வேர்ட்டைக் கொட்டை எழுத்தில் எழுதி, கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். இரண்டு மணி வரை நெய்ச்சோற்றோடு நின்றுவிட்டு, முகத்தைக் கழுவி, நல்ல ஸ்காஃப் ஒன்றைப் போட்டுக்கொண்டு லெப்டொப்பின் முன்னால் உட்கார்ந்தேன். வீட்டுப் பெண்கள் விருந்தாளிகளுக்குப் பிறகுதான் சாப்பிடுவோம் என்பதால் வயிறு காலி. ஹோலில் கடைசி இனிப்பான வட்டிலப்பமும் முடிந்து, ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்து போன்களை எடுத்திருந்தார்கள். யாரோ ஒருவர் விருந்தை முழுதாக வீடியோ எடுத்துக் கட்டாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

திரையில் பன்னிரண்டு பிள்ளைகள். மூலைக் கட்டத்தில் தலைமை ஆசிரியை. முதல் பாடம், வீட்டுக்கு ஒருவர் வந்தால் என்ன சொல்லுவோம் என்பது. இரண்டு கைகளையும் விரித்து “வாங்க” என்றேன். அவர்களுடைய திரையில் அப்படியே நின்றுவிட்டேனாம். வாயைத் திறந்தபடி, கைகளை விரித்தபடி, அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு நிமிடத்துக்கு மேல். திரும்பி வந்து “இருங்க” என்றேன், மறுபடியும் நின்றேன். “சாப்பிடுங்க” என்கிற இடத்துக்குப் போகவே இல்லை. இணைப்பே அறுந்துவிட்டது. தலைமை ஆசிரியை மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அடுத்த வகுப்பும் இப்படி ஆனால் வேறு ஒருவரைப் பார்க்க வேண்டிவரும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று.

நான் எழும்பிப் போய் இவருடைய கொப்பியை எடுத்தேன். எல்லாருக்கும் மேலே வந்த விருந்தாளிகள். அடுத்தது புது மாப்பிள்ளையின் போன். நடுவில் உம்மா, தங்கச்சி. கீழ் வரிசையில் இவருடைய போன், மகளின் டெப்லட். எல்லாவற்றுக்கும் அடியில், கடைசி வரியில், என் லெப்டொப்.

கோபம் வரும் என்று நினைத்துத்தான் வாசித்தேன். வந்தது அழுகை. அதை விழுங்கிக்கொண்டு, வேன்கள் போகும் வரை சிரித்த முகத்தோடு நின்று, பிறகு கொப்பியை இவர் மடியில் போட்டேன்.

இவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. “வந்தவங்களுக்குக் கொறச்சுக் குடுக்கிறதா? மறுகா மாமிர மொகத்தில எப்பிடி முழிக்கிற?” என்றார். பிறகு, “நீ நம்மட ஆள்தானே. சமாளிப்பாய் எண்டு நினைச்சன்” என்றார்.

“கூட்டத்தில நீங்க என்ன சொல்ற? கடைசி வயலுக்குத்தானே முதல் தண்ணி?” என்று கேட்டேன். “நம்மட ஊட்டில கடைசி வயல் ஆரு?”

மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை. பிறகு கொப்பியில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினார். என் லெப்டொப்பை மேலே எழுதும்போது கை ஒழுங்காகத்தான் ஓடியது. விருந்தாளிகளைக் கடைசி வரியில் எழுதும்போது, அவர்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்ப்பது போலத் தயங்கித் தயங்கி எழுதினார். எழுதி முடித்ததும், மாமிக்கு இதை நீதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சம்மாந்துறைக்கு வயல் பார்க்கப் போய்விட்டார். வயலில் அப்போது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, அறுவடை முடிந்திருந்தது.

உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். வந்தவர்களைக் கடைசியில் போட்டிருப்பதாகச் சொன்னேன். இது சும்மா ஒரு வகுப்பு இல்லை, எனக்கு இது வேண்டும் என்றும் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். உம்மா வெகுநேரம் செதிலைச் சுரண்டினார்.

“அந்தப் புள்ளைகளுக்கு நீ என்னகா படிப்பிக்கிற?”

வாங்க, இருங்க, சாப்பிடுங்க என்று சொன்னேன்.

“இதெல்லாம் படிப்பிக்கிற சாமானா?” என்றார் உம்மா. அவ்வளவுதான். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை யாரையும் அழைக்கவில்லை. ஆனாலும் ஒரு மணிக்கு வேன் வந்து நின்றது. போன கிழமை வர முடியாமல் போன மாப்பிள்ளையின் சாச்சா, அவருடைய வாப்பாவின் தம்பி, ஒலுவிலிலிருந்து ஒரு கூடை மீனோடும் குடும்பத்தோடும் வந்து இறங்கினார். இவர் ரவுட்டரை ஒரு தடவை பார்த்தார், கலண்டருக்குப் பக்கத்திலிருந்த பாஸ்வேர்ட்டை ஒரு தடவை பார்த்தார். அதைக் கிழிக்கவும் துணிவில்லை. சாச்சா அதற்குள் போனை நீட்டி ஒவ்வோர் எழுத்தாக அடித்துக்கொண்டிருந்தார். நான் சமைத்து, பரிமாறி, முகம் கழுவி, இரண்டரைக்கு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

வகுப்பு ஓடியது. “வாங்க” என்றேன், பன்னிரண்டு பிள்ளைகளும் “வாங்க” என்றார்கள். ஒரு பிள்ளை கதவைத் திறப்பது போல நடித்துக்கூடக் காட்டியது. “இருங்க” என்கிற இடத்தில் ஹோலிலிருந்து சாச்சாவின் குரல் கேட்டது. வீடியோ ஒன்றும் போகுதில்லையாம், இந்த ஊட்டு வைஃபை சரியான மெதுவாம். இவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலை எனக்குப் பதினான்கு வருடமாகத் தெரியும். அடுத்தது மன்னிப்புக் கேட்பார், அதற்கு அடுத்தது எழும்பிப் போய் வரிசையை மாற்றுவார். நான் திரையைப் பார்த்துச் சிரித்தபடி, கதவுக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தேன்.

“மகன், நீங்க இருங்க,” என்றார் உம்மா இவரிடம். பிறகு அந்த விருந்தாளியிடம், மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். “மகள் படிப்பிக்கிறா. அவட வகுப்பு முடியட்டும், மறுகா பாருங்க. வட்டிலப்பம் இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?”

வந்த ஒருவரிடம் எதற்காகவும் பொறுக்கச் சொல்லி உம்மா கதைத்ததை என் வாழ்க்கையில் நான் கேட்டதில்லை.

“டீச்சர், நீங்க ஃப்ரீஸ் ஆயிட்டீங்க,” என்றது ஒரு பிள்ளை. இல்லை மகள், இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு “சாப்பிடுங்க” என்பதற்குப் போனேன்.

வேலை எனக்குத்தான் என்று தலைமை ஆசிரியை அன்று பின்னேரமே செய்தி அனுப்பினார். இணைப்பு நன்றாக இருந்தது, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றது, அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். இவர் அதை வாசித்ததும் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பிழை எங்கே இருக்கிறது என்று இன்னும் ரவுட்டரில் தேடிக்கொண்டிருக்கிறார். நின்றது நான்தான் என்பதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.