பேச்சி வீட்டில் சாப்பிட்ட விசாலாட்சியக்கா

காலையில் பேருந்துக்கு நின்றபோது எங்கள் பழைய ஜீப் ஓட்டுநர் அழைத்தார். "சார், விசாலாட்சியக்கா போயிட்டாக." நாடாப்புழு ஆய்வுக்காக, மலம் சேகரிக்கும் டப்பாக்களோடு இராமநாதபுரத்து வெயிலில் அவருடன் அலைந்த நம் எல்லோருக்கும் அந்த அலுப்பு தெரியும். அதே அலுப்போடுதான் இதை எழுதுகிறேன்.

அக்கா எங்கள் லேப் டெக்னீஷியன். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே திட்டுவார். "ஊர்ப்பட்ட பீயப் பாக்குற எனக்கே கூச்சமில்ல. டப்பா வாங்கிட்டு வர ஒனக்கென்னப்பா வெக்கம்?"

உத்தரகோசமங்கைப் பக்கம் ஒரு வீட்டில் ஏழு வயதுப் பிள்ளைக்கு அடிக்கடி வலிப்பு. மூளையில் நாடாப்புழுக் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்திருந்தது. "நாங்க பன்னிக்கறியே சமைக்கிறதில்ல" என்றார்கள். பிள்ளை கறி தின்றிருக்க வேண்டியதே இல்லை. எப்போதோ வேகாத கறி தின்று வயிற்றில் புழு வைத்திருப்பவர் கையைச் சரியாகக் கழுவாமல் சோறு பிசைந்தாலே முட்டை போய்ச் சேரும். அந்த ஒருவரைத்தான் தேடினோம். வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர், டப்பா மூன்று. அக்கா பார்த்துவிட்டுச் சொன்னார். "மூணுலயும் முட்டை இருக்கு. எல்லாம் ஒரே ஆளோடது மாதிரி தெரியுது. தனியாக் கூப்பிட்டுக் கேளு."

நான் தனியாகக் கூப்பிடவில்லை. அலைந்த எரிச்சலில், அக்கம்பக்கத்தார் காதுபட, "மூணு டப்பாவையும் நெரப்புனது யாரு?" என்று வாசலில் நின்று கத்தினேன். பிள்ளையின் தாய் பேச்சி தலைகுனிந்தாள். "அத்தையும் அவுகளும் கூச்சப்பட்டாக. நாந்தேன் சார்."

மறுவாரம் போனால், மாமியார் அவளை அடுப்பங்கரைக்குள் விடவில்லை. பெற்ற பிள்ளைக்கே புழுவைக் கொடுத்தவள் என்று தெருவே பேசியது. பாவி, என் வாயால் வந்த வினை.

அக்கா என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. பேச்சிக்கு மாத்திரை கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடி சோதித்து, புழு இல்லை என்று உறுதியானதும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தெரு பார்க்க வாசற்படியில் உட்கார்ந்தார். "பசிக்குது தாயி. ஒன் கையால சோறாக்கிப் போடு."

"அவ கையாலயா?" என்றார் மாமியார்.

"பாத்தவ நானு. ஒங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

பேச்சி அழுதுகொண்டே பரிமாறினாள். அக்கா இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினார். பிள்ளை அவரை ஒட்டி உட்கார்ந்து தாயிடம் வாயைத் திறந்தது. மாமியார் தடுக்கவில்லை.

எனக்கும் தட்டு வைத்தாள் பேச்சி. சாப்பிட்டுத்தான் வந்தேன் என்றேன். பசியில் காது அடைத்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார், காட்டிக்கொடுக்கவில்லை.

புழுவைப் பற்றி அவரிடம் எவ்வளவோ கற்றேன். அதெல்லாம் புத்தகத்திலும் கிடைக்கும். அவரிடமிருந்து என்னோடு இருப்பது, பேச்சிக்கு 'முட்டை இல்லை' என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்ட நானே பயந்து தள்ளிவைத்த அந்தத் தட்டுதான்.