அப்பா சொன்ன கரடிக் கதை

அப்பா லோரிய விட்டு இறங்கினா போதும்... டீசல் வாசம் அவருக்கு முன்னாடியே வீட்டுக்குள்ள வந்துரும். அப்போ நாங்க கிள்ளான்ல இருந்தோம். எனக்கு அஞ்சு வயசு இருக்கும்.

சாயங்காலம் டிவில கார்ட்டூன். பேசுறது இங்கிலீஷ், கீழ ஓடுற எழுத்து மலாய். எனக்கு ரெண்டுமே தெரியாது. அப்பா குளிச்சிட்டு கைலியோட வந்து பக்கத்துல உக்காந்து, அதை வாசிச்சு தமிழ்ல கதை சொல்வார்.

"இந்தக் கரடி இருக்கே, பூச்சோங்ல சாமான் இறக்கிட்டு வருது. வழியில டயர் பஞ்சர். பாஸ் போன் போட்டு கத்துறான்..."

நான் வாயப் பொளந்துக்கிட்டு கேப்பேன். ஓநாய் வந்தா அவர் மேல ஏறி உக்காந்துக்குவேன்.

"பயப்படாத லா, பாவம் அதுக்குப் பல்லு வலி. அதான் கத்துது."

ஸ்கூலுக்குப் போய் மலாய் படிச்ச பிறகுதான் விஷயமே தெரிஞ்சுச்சு. மனுஷன் ஒரு வரி கூட ஒழுங்கா வாசிச்சதில்ல! எழுத்து ஓடுற வேகத்துக்கு அவரால வாசிக்க முடியல... அத்தனையும் சொந்தச் சரக்கு. கேட்டதுக்கு, "ஏன், என் கரடி நல்லா இல்லையா?"ன்னு சிரிக்கிறார். என்ன ஆளுப்பா!

இப்போ என் மகளுக்கு நாலு வயசு. சுபாங் ஜெயால வேலை முடிஞ்சு, ஜாம்ல மாட்டி வீட்டுக்கு வந்ததும் டேப்லெட்ட அவ கையில கொடுத்துட்டு நான் சமைக்கப் போயிடுவேன். நல்ல வீடியோவா தேடித்தான் போட்டுக் கொடுத்தேன். தமிழ்லயே பேசுது, கலர், நம்பர் எல்லாம் சொல்லிக் கொடுக்குது. எனக்குப் பெருமை வேற.

போன வாரம் பாத்ரூம் போகமாட்டேன்னு ஒரே அழுகை. ரெண்டு தடவை உடுப்பிலேயே போயிட்டா. நானும் கோபத்துல திட்டிட்டேன். அப்புறம் மடியில வச்சு மெல்லக் கேட்டா... நான் போட்டது முடிஞ்சு வேற ஏதோ வீடியோ தானா ஓடியிருக்கு. அதுல பாத்ரூம் குழாய்ல இருந்து பேய் வந்துச்சாம். எத்தனை நாளா மனசுக்குள்ளயே வச்சிருந்துச்சோ பிள்ளை.

"ஏன்டா செல்லம், அப்பவே அம்மாகிட்ட சொல்லக்கூடாதா?"

"திரும்பிப் பார்த்தேன்மா. நீ இல்ல."

பத்தடி தள்ளி கிச்சன்லதான் இருந்தேன்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது, மலாயும் தட்டுத்தடுமாறிதான். எனக்கு மூணு பாஷையும் நல்லா தெரியும். ஆனா அவர் பக்கத்துல உக்காந்தார், நான் உக்காரல.

இப்பல்லாம் எங்க வீட்டுல சாப்பாடு எட்டு மணிக்கு மேலதான் ஆகுது. ஆகட்டும் லா.