தேன் பாட்டிலும் சிவப்புச் சோப்பும்

வெங்காய வலைப்பையில் சிவப்புச் சோப்பைப் போட்டு வாசல் குழாயில் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் குழந்தை பிறந்து பத்து நாள். கணவரின் அக்கா தேன் பாட்டிலோடு ஹனூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். சோப்பின் அந்தக் காட்டமான வாசனை என்னை மண்டி மொஹல்லாவின் பழைய வாடகை வீட்டுக்கு இழுத்துப் போனது.

அம்மா ஆஸ்பத்திரி வார்டில் தரை துடைத்தாள். வேலை முடிந்து வந்ததும் இதே மாதிரிக் கட்டிய சோப்பால் முழங்கைவரை தேய்ப்பாள். புடவையைக் கொதிநீரில் அமுக்கி, குளித்த பிறகுதான் எங்களைத் தொடுவாள்.

தம்பி பிறந்தபோது கொள்ளேகால் அத்தை சேனை வைக்க வந்தாள். விரலால் தேனைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் தடவுவது எங்கள் வழக்கம். அம்மா தம்பியை மார்போடு திருப்பிக்கொண்டாள்.

"எங்க வம்சத்துக்கே சேனை வெச்ச கையி இது" என்றாள் அத்தை.

"அதே கையிதானுங்க அண்ணி பஸ்ஸுக் கம்பியப் புடிச்சுட்டு வந்துச்சு. கழுவிட்டுத் தூக்கிக்குங்க. வாயில மட்டும் எதுவும் வெக்காதீங்க. வாந்தி பேதின்னு வர்ற பச்சப் புள்ளைங்கள நான் தெனமும் பாக்கறேன்."

"ஆஸ்பத்திரி கூட்டறவளுக்கு இத்தனை திமிரா?"

"கூட்டறதாலதானுங்க தெரியுது."

அத்தை சாப்பிடாமலே போனாள். அப்பா மூன்று நாள் பேசவில்லை. அம்மா சோப்புத் தீர்ந்ததும் புதுசு கட்டினாள்.

இப்போது எங்கள் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு விரல்தானே, விட்டுடு" என்றார் கணவர் மெதுவாக.

குழாயைத் திறந்துவிட்டு, வாசலை மறித்து நின்றேன்.