தோளில் கிடந்த துண்டு

போன மாதம் குற்றாலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பாயசம் வருவதற்கு முன்னால் இலையை மடக்கிவிட்டு எழுந்தவன் அந்தப் பந்தியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஜன்னல் வழியாகச் சாரலோடு சேர்ந்து ஒரு வாசனை வந்தது. பெட்ரோல், பழைய தோல் சீட்டு, நனைந்த இரும்பு மூன்றும் கலந்த வாசனை. முப்பது வருஷமாகத் தென்காசியில் கார் பட்டறையில் கிடக்கிற மூக்கு இது, பாயசத்துக்கெல்லாம் மசியாது. கையைக் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தேன்.

மணமக்களை ஏற்றிக்கொண்டு போவதற்காக ஒரு சிவப்புக் கார் நின்றது. கூரை கிடையாது. இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். தரையோடு தரையாகப் படுத்திருந்த பழைய வெளிநாட்டு ரேஸ் வண்டி. பத்துப் பதினைந்து பேர் அதோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கிட்டே போகாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் இந்தக் கார் செத்துப் போன கதையை நான் இருபத்து மூன்று வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முதலில் இசக்கியைச் சொல்ல வேண்டும்.

நானும் இசக்கியும் ஒரே முதலாளியிடம் வேலை பார்த்தோம். நான் எஞ்சின், அவன் டிங்கர். நசுங்கிய தகட்டை நிமிர்த்துவது, துருப்பிடித்த இடத்தை வெட்டி ஒட்டுப் போடுவது எல்லாம் அவன் பொறுப்பு. முதலாளி பழைய ஜீப், அம்பாசிடர் வாங்கி விற்கிறவர். கடையநல்லூர், கீழப்பாவூர், வடகரை என்று எங்கே வண்டி கிடந்தாலும் பார்த்துவரச் சொல்லி எங்கள் இருவரையும் ஒரே பைக்கில் அனுப்பிவிடுவார்.

வண்டி பார்க்கப் போவதில் ஒரு முறை உண்டு. சொந்தக்காரர் முன்னால் வண்டி நல்லாயிருக்கிறது என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் விலை ஏறிவிடும். அதனால் பேரிச்சம்பழத்துக்குக்கூட ஆகாது என்கிற தினுசில் திட்டிக்கொண்டே சுற்றிவர வேண்டும். அப்படியானால் நாங்கள் உண்மையைப் பேசிக்கொள்வது எப்படி? அதற்குத்தான் துண்டு. இசக்கி தோளில் எப்போதும் ஒரு ஈரிழைத் துண்டு கிடக்கும். வண்டி தேறும் என்றால் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைப்பான். தேறாது என்றால் துண்டு தோளிலேயே கிடக்கும். வாயால் எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், அது தொழில். துண்டு பொய் சொல்லாது. எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு டீச்சரின் பழைய பங்களா இருந்தது. ரிட்டயர் ஆனவர், தனி ஆள். சீசனில் இரண்டு அறையை வாடகைக்கு விடுவார். அவருடைய அண்ணன் மலை மேலே எஸ்டேட்டில் மேனேஜராக இருந்தவர். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் அவர் வாங்கிய கார், அவர் இறந்த பிறகு ஷெட்டிலேயே கிடந்தது. குழாய் மோட்டார் பார்க்கப் போன நான் தற்செயலாக ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். சிவப்பு எங்கே, துரு எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியாத நிறம். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஆனாலும் எனக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விட்டது.

மறுநாள் இசக்கியிடம் சொன்னபோது அவனுக்கும் கண் விரிந்தது. "முதலாளிட்ட சொல்லாதலே, நாமளே எடுப்போம்" என்றான். இதைச் சரி பண்ணிக் கேரளாவில் யாருக்காவது கொடுத்தால் அந்தக் காசில் சொந்தப் பட்டறை. பைக்கில் பின்னால் உட்கார்ந்தபடி பட்டறைக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். டூ சீட்டர் கராஜ். "ரெண்டு சீட்டு, ரெண்டு பேரு. எப்படிடே?" என்று கேட்டேன். அவன் சிரித்த சிரிப்பில் பைக் ஒரு ஆட்டம் ஆடியது.

அண்ணன் வண்டியை விற்பதற்கு டீச்சரைச் சம்மதிக்க வைக்கவே பல நாள் ஆயிற்று. கடைசியில் ஒரு ஆனி மாதச் சாரலில் இரண்டு பேரும் முறைப்படி பார்க்கப் போனோம்.

துருப்பிடித்த வண்டியை எடுப்பதா விடுவதா என்பது வெளியே தெரிகிற துருவில் இல்லை. மேல் துரு வெறும் முகப்பரு. அடியில் சேஸ் என்கிற இரும்புச் சட்டம் இருக்கிறதே, அதுதான் முதுகெலும்பு. அது நன்றாக இருந்தால் மற்றதையெல்லாம் செய்துகொள்ளலாம். அது போயிருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். நான் எஞ்சினைப் பார்த்தேன். இறுகியிருந்தது. ஆனால் முந்தின வாரமே பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். கம்பியைப் போட்டு நெம்பியதும் முனகிக்கொண்டே அரைச் சுற்றுச் சுற்றியது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. முறை இருக்கிறதே, உதட்டைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் கதவைத் திறந்து ஒற்றை விரலால் தள்ளினேன். டக்கென்று சாத்திக்கொண்டது.

இசக்கி சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக்கொண்டே போனான். அங்கேயிருந்தே வசவும் ஓடிக்கொண்டிருந்தது.

"இது வண்டி இல்ல டீச்சர், மழைக்கு ஒதுங்குன பழைய இரும்பு."

டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. "எங்க அண்ணன் இருந்தா இப்படிப் பேசுவியளா? ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போயிட்டு வந்தா சாப்பிடக்கூட மாட்டான். இதத்தான் தொடச்சிக்கிட்டு இருப்பான்" என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். வண்டி ஓடியதும் முதல் வேலையாக டீச்சரை உட்கார வைத்து சர்ச் வரை ஒரு தடவை கூட்டிப் போய்விட வேண்டும், அதில் இந்த வசவெல்லாம் கழிந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இசக்கி வெளியே வந்தான். முழங்கையெல்லாம் துரு, கழுத்தில் வியர்வை. துண்டு தோளில் கிடந்தது. நான் காத்திருந்தேன். அவன் புறங்கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "போலாம்டே" என்றான்.

இலஞ்சிக்கு ரோடு பிரிகிற விலக்கில் டீ குடிக்கும்போது விளக்கமாகச் சொன்னான். "சேஸ் முழுசும் போச்சுலே. ஸ்க்ரூ டிரைவர வச்சி அமுக்குதேன், அப்பளம் கணக்கா உள்ள போவுது."

"கதவு ஒத்த விரல்ல சாத்துச்சேடே" என்றேன். சேஸ் போன வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அதில் கதவு அப்படிச் சாத்திக்கொள்ளாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"கதவ மட்டும் வாங்கி என்ன செய்யப் போற? ஒங்க வீட்டுக்கு மாட்டப் போறியா?" என்றான். நான் சிரித்துவிட்டேன். பாருங்கள், சிரித்தும் விட்டேன். என் விரல் சொன்னதைவிட அவன் துண்டு சொன்னது எனக்குப் பெரிதாக இருந்தது. நானும் ஒரு தடவை அடியில் குனிந்து பார்த்திருக்கலாம். ஆனால் இசக்கி பார்த்த வண்டியை மறுபடி பார்ப்பது அவன் மூஞ்சியில் துப்புவதற்குச் சமம் என்று நினைத்தேன்.

அடுத்த மாதமே அவன் கொல்லத்தில் வேலை கிடைத்ததென்று சொல்லி ஊரை விட்டுப் போனான். செங்கோட்டை வரை போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கொஞ்ச நாளில் டீச்சர் வீட்டுக் காரை லாரியில் ஏற்றிப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். பழைய இரும்பு வாங்குகிற ஆக்கர் கடைக்குத்தான் போயிருக்கும், உடைத்துப் போட்டிருப்பார்கள் என்று வருத்தப்பட்டேன். பிறகு தனியாகவே ஒரு பட்டறை போட்டேன். துருப்பிடித்த வண்டியோடு ஆசையாக வருகிறவர்களை உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்வேன். "அன்னைக்கு மட்டும் இசக்கி தடுக்கலன்னா நான் தெருவுல நின்னுருப்பேன்" என்றுதான் எப்போதும் முடிப்பேன். சொல்லும்போது சில சமயம் கண்கூடக் கலங்கும்.

கல்யாண மண்டப வாசலுக்கு வருவோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கதவை ஒற்றை விரலால் தள்ளினேன். டக். டேஷ்போர்டில் சின்னதாக ஒரு பித்தளைத் தகடு. அதில் டூ சீட்டர் கராஜ் என்று எழுதியிருந்தது.

பட்டு வேட்டியோடு ஈரத் தரையில் படுத்துவிட்டேன். என் மனைவி ஓடிவந்தாள். எவனோ ஒருவன் இதையும் போட்டோ எடுத்தான். அடியில் சேஸ் அப்படியே இருந்தது. வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, புதிதாக வெல்டிங் வைத்த தழும்பு ஒன்றுகூட இல்லை.

வண்டியைக் கொண்டுவந்த கொல்லத்துப் பையன் என்னைத் தூக்கிவிட்டான். "என்ன சாரே, பயந்து போச்சு! இது எங்க ஆசானோட முதல் வண்டியாக்கும். இங்க குற்றாலத்துல ஒரு டீச்சர்கிட்ட எடுத்தது. சேஸ்ல கையே வைக்க வேண்டி வரலன்னு ஆசான் எப்பவும் பறயும். நம்பர் வேணுமா?"

வேண்டாம் என்றேன். என்ன கேட்பது? அந்த வண்டி எனக்கு வேண்டும் என்று இசக்கி வாய் விட்டுக் கேட்டிருந்தால் விட்டுக் கொடுத்திருப்பேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானே பாதிதான் நம்புகிறேன். ஆனால் அவன் வாயால் மட்டும் ஏமாற்றியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதுகூடப் போகட்டும். துண்டைத் தோளிலேயே விட்டுவிட்டானே, அதுதான் ஆறவில்லை.

திரும்பும்போது ஐந்தருவி ரோட்டில் வண்டியை நிறுத்தினேன். உங்கள் அண்ணன் வண்டி நல்ல வண்டிதான் டீச்சர், நாங்கள் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. டீச்சர் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பங்களாவும் ஷெட்டும் இருந்த இடத்தில் டூரிஸ்ட் வேன்கள் நிற்கின்றன. இப்போது வண்டி பார்க்கப் போகிறவர்கள் துண்டு போடுவதும் இல்லை. செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

போன வாரம் ஒருவர் பழைய ஜீப்போடு பட்டறைக்கு வந்தார். எடுக்கலாமா, வேண்டாமா என்று கேட்டார். என்னிடம் வேலை பார்க்கும் கணேசன், "அண்ணாச்சி, அந்தச் செவப்புக் கார் கதையச் சொல்லுங்க" என்றான். நான் சாக்கை விரித்து ஜீப்புக்கு அடியில் படுத்தேன். அந்தக் கதையில் என்னைக் காப்பாற்றிய இசக்கி என்று ஒருவன் இருந்தான். அந்த இசக்கி இப்போது இல்லை.