நான்கு பேர் பார்த்த சூரிய உதயம்

இன்று லண்டன் குட்மேய்ஸில் அம்மா அப்பாவோடு மரக்கறி வாங்கும்போது அம்மாவின் சிநேகிதி சுமதி அன்ரி எங்களைப் பிடித்துக்கொண்டார். அமெரிக்கப் பாலைவனப் பூங்காக்களை அடுப்பும் படுக்கையும் உள்ள மோட்டார்ஹோம் வானில் சுற்றியதைப் பற்றி நான் இந்த வலைப்பதிவில் எழுதியிருந்தேனே, அதை வாசித்தாராம்.

"குடும்பமா நாலு பேரும் நிண்டு சூரியன் உதிக்கிறதைப் பாத்தனீங்களாம். எனக்கு அழுகையே வந்திட்டுது."

"மூண்டு பேர்," என்றார் அம்மா, வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்தபடி. "இவரும் பிள்ளையள் ரெண்டு பேரும்தான். நான் உள்ளுக்கை புட்டு அவிச்சுக்கொண்டு நிண்டனான்."

அப்பா சிரித்தார். "வெளிச்சாப்பாடு எங்களுக்குச் சரிவராது எண்டுதானே அடுப்போடை வான் எடுத்தது!"

"ஓம். பத்து நாளும் எனக்கு அந்த அடுப்புத்தான். யன்னலாலை தெரிஞ்சது கார் பார்க்."

அதற்குப் பிறகு அப்பா சிரிக்கவில்லை.

அந்தப் பதிவில் பாறையின் சிவப்பை எழுத ஒரு பின்னேரம் முழுவதும் சொல் தேடியவள் நான். சூரியன் உதித்தபோது அம்மா பக்கத்தில் இல்லை என்பதைக் கவனிக்கவே இல்லை. அந்தப் புட்டைச் சுடச்சுடச் சாப்பிட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பயணப் படங்களை எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு படங்களில் அம்மா இரண்டில் இருக்கிறார். இரண்டிலும் கையில் அகப்பை.

உங்கள் விடுமுறைப் படங்களில் அம்மா எத்தனையில் இருக்கிறார் என்று எண்ணிச் சொல்லுங்கள். எங்களைவிடக் குறைவாக யாராவது வைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.